அப்பாவின் முதுகை மிதித்த மூன்று வாரம்

அன்று காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அப்பா, நான், பக்கத்து வீட்டு அக்கா, ஆள் அனுப்பியதும் வந்து சேர்ந்த தோட்டத்துக் கிளினிக் டிரஸ்ஸர் ஐயா. அக்காவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையையும் சேர்த்தால் ஐந்து. பிற்பாடு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர், "நானும் அங்கதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லித் திரிந்தார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை. இதை அடித்துச் சொல்வேன். அப்பா எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை யார் யார் பார்த்தார்கள் என்று நான் பல நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் கோலசிலாங்கூரை ஒட்டி, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அம்மா இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அம்மா படுத்த வருடமே நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தம்பி படித்து ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போய், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாகிவிட்டது. நாலைந்து ஆடு வளர்த்துக்கொண்டு, குத்தகைக்காரரிடம் அவ்வப்போது புல்வெட்டுக்கும் உரம் போடவும் போய்க்கொண்டிருந்தார். நான் மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. எனக்கு ஏழெட்டு வயது ஆனதிலிருந்தே லயத்தில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும், "அந்தக் காலாப் பொறந்த புள்ளயக் கூப்புடு" என்பார்கள். பாயில் குப்புறப் படுப்பார்கள். முதுகில் நல்லெண்ணெய் தடவி, நான் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலால் கழுத்துக்குக் கீழே இருந்து இடுப்பு வரை மூன்று முறை இழுப்பேன். மூன்று நாள் காலை, வெறும் வயிற்றில். முடிந்ததும் பெரியவர்களாக இருந்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வேன், காலால் மிதித்த பாவம் போக. அவ்வளவுதான் வைத்தியம். பெரும்பாலும் குணமானது. மிதிக்காமல் விட்டிருந்தாலும் மூன்று நாளில் அது தானாகவே குணமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

அப்பாவுக்கு முதுகு வலி தீபாவளிக்குப் பிறகு வந்தது. உர மூட்டையைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டது என்று அவரே சொன்னார். எந்த மூட்டை, என்றைக்கு என்று கேட்டால் பேச்சை ஆட்டுப் பக்கம் திருப்பிவிடுவார். தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுப்பவர் டிரஸ்ஸர் ஐயா. டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். டிரஸ்ஸர் ஐயா வெள்ளை மாத்திரையும் தேய்க்க எண்ணெய்யும் கொடுத்தார். குறையவில்லை.

நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். அப்பா நடக்கும்போது ஓரளவு நன்றாக இருந்தார். படுத்தால்தான் வலி கூடியது. சுளுக்கு என்றால் படுத்தால் அடங்க வேண்டும். அவர் உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டார். சோறு பாதியாகக் குறைந்தது. இடுப்பு வாரில் ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

இதையெல்லாம் நான் டிரஸ்ஸர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பே நான் அவரிடம் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். தம்பி முதுகில் ஒரு மச்சம் பெரிதாகிறது என்று ஒரு தடவை. குழாய்த் தண்ணீர் கசக்கிறது, யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை. அப்பாவுக்கு இரண்டு நாள் இருமல் வந்ததும் காசநோய் என்று முடிவு கட்டி, தட்டு டம்ளர் எல்லாம் பிரித்து வைத்ததும் உண்டு.

"இந்த மாசம் என்ன நோய் கொண்டாந்திருக்க தங்கச்சி?" என்றார்.

"அப்பாவுக்குப் படுத்தா வலி கூடுதுங்க ஐயா. வாருல ரெண்டு ஓட்ட போட்டுட்டாரு."

"வயசாச்சு லா. ஒங்கப்பா என்ன எளந்தாரியா? நீ கவலப்பட்டுக் கவலப்பட்டே அவரு எளைச்சிருப்பாரு. போ, போ."

நான் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. என் கவலை எப்போதுமே தவறுதான், இதுவும் தவறாகத்தான் இருக்கும் என்று.

பிறகுதான் அப்பாவே கேட்டார். அதுவரை என்னை மிதிக்க விட்டதில்லை. பெற்ற மகள் காலால் மிதிப்பதாவது என்று.

"வா, ஒன் வைத்தியத்த எனக்கும் செய்யி. ஊருக்கெல்லாம் செய்யிற."

மிதித்தேன். "அப்பாடா" என்றார். ஒரு மணி நேரம் நன்றாக இருந்தார், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனார். மறுநாளும் மிதித்தேன், மூன்றாம் நாளும். நான்காம் நாள் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்து. என்ன கோழிக்குஞ்சு நடக்கிற மாதிரி நடக்கிற?" நான் அழுத்தினேன். மூன்று வாரம். ஒருநாள் குதிகாலுக்கு அடியில் ஒரு இடத்தில் ஏதோ மெத்தென்று இருந்த மாதிரித் தெரிந்தது. எண்ணெய் வழுக்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மிதித்து முடித்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் எப்போதும் உடனே காலை இழுத்துக்கொள்வார். அன்று இழுக்கவில்லை.

"தொட்டியா?" என்றார்.

"தொட்டேனேப்பா."

"தெரியலயே."

எழுந்திருக்கப் பார்த்தார். கையை ஊன்றி இடுப்பு வரை வந்தார். கால்கள் பாயிலேயே கிடந்தன, வேறு யாருடைய கால்களோ போல. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையோடு ஓடிவந்தார். வாசலிலிருந்தே குரல் கொடுத்துத் தன் மூத்த மகளை டிரஸ்ஸர் ஐயாவிடம் அனுப்பினார்.

டிரஸ்ஸர் ஐயா இந்தத் தடவை சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து உள்ளங்காலில் குத்திக்கொண்டே மேலே வந்தார். தொடை தாண்டி, தொப்புளுக்கு அருகில் வந்த பிறகுதான் அப்பா "ஸ்ஸ்" என்றார்.

"பெரியவரே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "போனேன், போனேன். காலையில."

டிரஸ்ஸர் ஐயா அடிவயிற்றில் கையை வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்றபோது உள்ளே அப்பா தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னது கேட்டது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து போகவில்லை.

கதவுப் பலகை ஒன்றில் அப்பாவைக் கிடத்தி, தோட்டத்து வேனில் ஏற்றினோம். டிரஸ்ஸர் ஐயாவும் கூட வந்தார். வழியில் முழுக்க, "முதுக ஆட்டாத, ஆட்டாத" என்று ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீ வந்து சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்" என்றார். ஒரே ஒரு தடவை. என் மனதில் என் குதிகால்தான் இருந்தது. அதைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். இரண்டு போத்தல் இருக்கும். அப்பாவின் முகம் தெளிந்தது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம், தோட்டப்புறத்தில் அப்படி வருவதுண்டு என்றார். இருமல் உண்டா, சளியில் ரத்தம் உண்டா என்று கேட்டார். தட்டும் டம்ளரும் பிரித்து வைத்தது சரிதான் என்று நினைத்தேன். அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தம்பிக்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி போன் போட்டுச் சொல்ல, அவனும் ரவாங்கிலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் படத்தை வயதான சீன டாக்டர் ஒருவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையுறை கேட்டார். எங்களைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே அப்பா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

டாக்டர் போனதும் அப்பா தம்பியிடம் கொதித்தார். "முதுகு வலின்னு வந்தவனுக்குப் பின்னால வெரல விட்டுப் பாக்குறான்டா! இவன் டாக்டரா இல்ல வேற எதுவுமா? வா, வீட்டுக்குப் போவோம்."

"எப்படிப்பா போவீங்க, நடந்தா?" என்றான் தம்பி.

அப்பா தன் காலைப் பார்த்தார். தம்பிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அந்த வார்டில் நம் ஆள் ஒருவர் வேலை செய்தார். கட்டில் தள்ளுவது, துடைப்பது, டாக்டருக்கும் நம்மவர்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வது எல்லாம் அவர்தான். டாக்டர் மலாயில் சொன்னதை அவர் எனக்கும் தம்பிக்கும் சொன்னார்.

"இது காசநோய் இல்ல தங்கச்சி. காசநோயின்னா எலும்பு அரிச்சுக் கறுப்பா பொந்து தெரியுமாம். ஒங்கப்பாவுக்கு அங்கங்க வெள்ளயா திட்டு திட்டா இருக்கு. வயசான ஆம்பளைக்கு இப்படி வெள்ளயா இருந்தா, மொதல்ல வெரல விட்டுத்தான் பாக்கணும்ங்கிறாரு. மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு மட்டும் ஒண்ணு இருக்கு, கொட்டப்பாக்கு அளவு. புரோஸ்டேட்டுன்னு பேரு. மெத்துன்னு இருக்கணும். இவருக்குக் கல்லு மாதிரி இருக்காம். அதுல புத்துநோயி. அது எலும்புக்கு ஏறி, முதுகு நரம்ப நெருக்குது."

"அவருக்கு ஒண்ணுக்குப் போறதுல ஒரு தொந்தரவும் இல்லயே அண்ணே" என்றான் தம்பி. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே போனாரு?"

அவர் அதை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தலையாட்டினார். "பாதிப் பேரு அப்படித்தான் ஏமாந்து போறாங்களாம். சில பேருக்கு அது இருக்குற எடத்துல சத்தமே போடாது. எலும்புக்குப் போயித்தான் சத்தம் போடும். முதுகு வலி, இடுப்பு வலின்னு எண்ண தேச்சுக்கிட்டே இருப்பாங்க."

எண்ணெய் என்றதும் நான் என் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். காசநோய், விஷத் தண்ணீர், செய்வினை, சிறுநீரகம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நினைத்துப் பயந்திருக்கிறேன். ஆண்களுக்கு மட்டும் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி எப்படிக் கவலைப்படுவது?

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். டாக்டர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார். அந்தப் புற்று ஆண்களின் சுரப்பை உண்டுதான் வளர்கிறதாம். அதை உடனே நிறுத்த வழி, அது ஊறுகிற இரண்டு விதையையும் எடுத்துவிடுவது. சின்ன அறுவைதான். ஆனால் மறுநாள் காலைக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் கால் திரும்பாது. செய்தாலும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

இதை அப்பாவிடம் யார் சொல்வது? தம்பி மாட்டேன் என்றான். ஆஸ்பத்திரி அண்ணன்தான் சொன்னார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அப்பா போர்வையை இடுப்புக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எத்தன கெடாய்க்குக் காயடிச்சிருக்கேன் தெரியுமா தம்பி?" என்றார் அந்த அண்ணனிடம். "என் கையால. இப்ப எனக்கா?"

"கெடாயெல்லாம் நல்லா கொழுத்துச்சுல்ல பெரியவரே?" என்றார் அவர்.

"கொழுத்துச்சு. எதுக்குக் கொழுக்க வச்சேன்? வெட்டத்தான்." அப்பா கையால் போ என்று காட்டினார். "வேணாம். நான் முழு ஆளாவே போறேன். எழுதிக்க."

தம்பி கெஞ்சிப் பார்த்தான், கோபப்பட்டுப் பார்த்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது என்று பொருள். டாக்டர் இரண்டாவது தடவை வந்து பார்த்துவிட்டு, கையெழுத்துத் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் அப்பாவுக்காக நல்லது நினைத்துப் பேசியதாக எழுத ஆசைதான். அப்படி இல்லை. நான் எனக்காகத்தான் பேசினேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் காதருகே சொன்னேன்.

"அப்பா, நீங்க நடக்கலன்னா நான் மிதிச்சதாலதாம்பா. நான்தாம்பா ஒடச்சேன்."

அப்பா கண்ணைத் திறந்தார். "என்ன ஒளர்ற?"

"மூணு நாளு மிதிக்க வேண்டியத மூணு வாரம் மிதிச்சேன். ஒருநா என் காலுக்கடியில மெத்துன்னு உள்ள போச்சு. நான் சொல்லல. காலைல மிதிச்சேன், நீங்க விழுந்தீங்க. ஊரு என்னா சொல்லும்? அப்பன் முதுக மிதிச்சு ஒடச்சவன்னுதானே சொல்லும்? நான் எப்படிப்பா இருப்பேன்?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானே அழுத்தச் சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க. மிதிச்சது நான்."

அவர் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "எங்கடா அந்தக் காயிதம்? மை கொண்டாரச் சொல்லு." பெருவிரலை நீட்டினார். உருட்டி வைத்தபின், "இந்தப் புள்ளைய இப்படியே விட்டுட்டுப் போனா, சோறு திங்காமலே செத்துரும்" என்றார் தம்பியிடம், நான் அங்கே இல்லாத மாதிரி.

மறுநாள் காலை அறுவை நடந்தது. அதற்கு அடுத்த நாள் அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் முதுகு படுக்கையில் பட்டுத் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன். வலி போய்விட்டது என்று சொன்னார், சந்தேகமாகத் தன் முதுகைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு. ரத்த முடிவும் டாக்டர் சொன்னதுபோலவே வந்தது. கால்தான் அசையவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி அண்ணன் போர்வையை மாற்றும்போது வலது கால் பெருவிரல் ஆடியது. அவர் சத்தம் போட்டு எங்களைக் கூப்பிட்டார். மறுபடி ஆட்டச் சொன்னால் ஆடவில்லை. சாயங்காலம் ஆடியது. இரண்டு மாதம் கழித்துக் கம்பூன்றி நடந்தார். கம்பு கடைசிவரை இருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில், தைரியத்தைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடமே கேட்டேன். மிதித்தது நான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். காலைத் தூக்கிக் காட்டியும் விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணனை அழைத்து மெதுவாகச் சொன்னார்.

"எலும்பு மாசக்கணக்கா கெட்டுப்போயிருந்துச்சாம். வெள்ளயா தெரியும், ஆனா சுண்ணாம்புக் கட்டி மாதிரி, உறுதி இருக்காது. நீ மிதிக்கலன்னாலும் கால் போயிருக்கும்ங்கிறாரு. அநேகமா." அவர் அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. "ஆனா இனிமே யாரையும் மிதிக்காதங்கிறாரு."

அப்பா அதற்குப் பிறகு இரண்டரை வருடம் இருந்தார். மீசை மெலிந்தது, உடம்பு கொஞ்சம் ஊதியது. வெந்நீர் பட்ட மாதிரி திடீர் திடீரென்று வியர்த்தது. ஆடு மேய்த்தார். காயடிக்க மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டார். கடைசியில் நோய் மறுபடி எலும்புக்கு ஏறி, மூன்று வாரம் படுத்து இறந்தார். அந்த மூன்று வாரமும் அவரால் காலை அசைக்க முடிந்தது. நான் தினமும் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன 'அநேகமா'வை வைத்துக்கொண்டு நான் இன்றுவரை காலம் தள்ளுகிறேன். சில நாள் அது போதுமானதாக இருக்கிறது.

ஆட்கள் வருவது நின்றுவிடவில்லை. என்னால் அப்பன் முதுகு உடைந்தது என்று பேசிய அதே வாய்கள், தங்களுக்குப் பிடித்துக்கொண்டால் என்னைத்தான் தேடின. நான் மிதிக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்பேன். "படுத்தா வலி அடங்குதா, கூடுதா?" அடங்குகிறது என்றால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவேன். கூடுகிறது என்றால் டிரஸ்ஸர் ஐயாவிடம் அனுப்புவேன். அவர் நான் அனுப்பியவர்களை மட்டும் சிரிக்காமல் பார்த்தார்.

அப்பா போன மறுவருடம், சுங்கை புரோங் பக்கத்திலிருந்து நெல் லோரி ஓட்டும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மூன்று நாள் காலைக்கும் சேர்த்துக் காசை, நாங்கள் வெள்ளி என்று சொல்லும் ரிங்கிட்டாக, அதன்மேல் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தும்விட்டார்.

"அண்ணே, படுத்தா வலி கூடுதா?"

"கூடுது. அதான் ஒங்கிட்ட வந்தேன்."

"எந்திரிங்கண்ணே. ஆஸ்பித்திரிக்குப் போயி முதுகுக்குப் படம் எடுங்க. டாக்டரு வெரல விட்டுப் பாக்கணும்னு சொன்னா, வேணாம்னு சொல்லாதீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து என்னை முறைத்தார். "என்னா பொம்பள நீ? மிதிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு லா. அசிங்கமா பேசுற!" சட்டையை மாட்டிக்கொண்டே போய் வண்டியை உதைத்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு செம்மண் சாலை வரை ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, போய்ப் படம் எடுத்தாரா, வெறும் சுளுக்குத்தானா, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகிற ஆட்களிடம் விசாரித்துப் பார்த்தேன். பேர் கேட்டு வைக்காததால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது மூன்று வெள்ளி.